ஷிப்ட்

வியாழன் இரவு பத்தரை. ஜுபைல்.
காற்று ஈரத்துணியாக முகத்தில் ஒட்டுகிறது.
கேம்ப் ஆபீஸ் கன்டெய்னரின் கதவைத் திறந்த
டைம்கீப்பர் தேவசித்தம்
"அப்டேட் கேட்டுச்சு, சரின்னு குடுத்தேன்.
வேற ஒண்ணுமே பண்ணல" என்றார்.
செத்த மெஷின் பக்கத்தில் நிற்கிற எல்லாரும்
சொல்வதுதான்.

கறுப்புத் திரை.
மேல் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு
தோன்றி, மறைந்து, தோன்றி.
மூன்று மணி நேரம் அதன் எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார்,
ஏதோ சொல்லப்போகிறது என்று.

என் இகாமாவில் தொழில் பெயின்டர்.
பகலில் டாங்க் உச்சியில் கயிற்றில் தொங்கித்
துரு சுரண்டுகிறேன்.
இரவில் யாருடைய லேப்டாப் படுத்தாலும்
என் கட்டில் கம்பியைத் தட்டுவார்கள்.
சம்பளத்துக்கு ஒரு கை, சந்தோஷத்துக்கு ஒரு கை.

முதலில் எல்லாரும் செய்வதையே செய்தேன்.
ராமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து, ஊதி, மாட்டினேன்.
பெட்டிக்குள் ஒரு பிடி மணல்,
விசா இல்லாமல் குடியேறியது.
விசிறி சுற்றியது. கோடு சிமிட்டியது.
அவ்வளவுதான்.

பிறகு ஷிப்டை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தேன்.
"இதுக்கும் ஷிப்டா?" என்றார்.
சிரிக்கத்தான் சொன்னார்.
ஏ.சி. பதினெட்டில் ஓடியது,
அவர் நெற்றி நனைந்திருந்தது.

பட்டியல் வந்தது. புதியது மேலே.
அதைத் தொட்டதும் எழுத்துகள் கொட்டி ஓடி
ஒரு வரியில் முட்டி நின்றன:
வேரைக் காணோம்.

இந்த வரியை வைத்துக்கொண்டு
ஊரை நினைத்து உருகலாம். நான் உருகவில்லை.
வேர் என்றால் அங்கே வட்டில் ஒரு பாகம்.
அதைத் தேடித் தர வேண்டிய கோப்பு
இடம் போதாமல் பாதி எழுதியபடி கிடந்தது.

கீழே, இரண்டாவதாக, போன மாதத்துப் பழையது.
புதியது வந்ததால் யாரும் அதை
எக்ஸிட் அடித்து அனுப்பிவிடவில்லை.
அதைத் தேர்ந்தேன்.
நீண்ட யோசனை. பிறகு
கம்பெனியின் நீல முத்திரை, ஒரு அம்பு,
நாற்காலியில் பொத்தென்று விழுந்த தேவசித்தம்.

முதலில் பிரதி, அப்புறம் வைத்தியம். என் பழக்கம் அது.
பென் டிரைவைப் பார்த்ததும்
"காப்பியெல்லாம் வேணாம்ப்பா" என்றார்
தேவைக்கு மேல் சத்தமாக.
அதற்குள் முடிந்திருந்தது.

இடத்தை அடைத்திருந்த
ஏழு தலைமுறைப் பழசுகளை நீக்கினேன்,
எழுந்து நின்ற அந்த ஒன்றைத் தவிர.
பாதிக் கோப்பை மறுபடி முழுதாக எழுதவைத்து
அணைத்துப் போட்டேன்.
இந்தத் தடவை புதியதே எழுந்தது.

எல்லாம் திறக்கிறதா பார்ப்போம் என்று
மே மாத வருகைப் பதிவைத் திறந்தேன்.
இருநூற்றுப் பதினொரு பேர்.
உருட்டிக்கொண்டே போனேன்.
நூற்று நாற்பத்தேழு: தில் பகதூர் ராய்.
இருபத்தாறு நாள். ஓவர்டைம் நாற்பது மணி.

மார்ச்சில் அவனை தம்மாம் ஏர்போர்ட்டுக்கு
வண்டி ஏற்றிவிட்டோம்.
அவன் பெட்டிக்குக் கயிறு கட்டியது நான்.
என் மேல் கட்டில் இன்னும் காலி.

நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
ஹெட் ஆபீஸ் ஐ.டி.க்கு ஏன் போன் போடவில்லை
என்று கேட்க வாயெடுத்து
கேபிளைச் சுற்ற ஆரம்பித்தேன்.

கீபோர்டுக்கு அடியில் இரண்டு ஐம்பது ரியால் தாள்
தள்ளிவைத்தார். எப்போதும் பத்துதான்.

"பத்தா இருக்கா?"
"சில்லறை இல்லப்பா."
"அப்ப ஞாயித்துக்கிழமை குடுங்க."

ஞாயிறு காலைதான்
அந்தப் பதிவு ரியாத்துக்குப் போகும்.
அது அவருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் கண்ணாடி ஆவியில் மூடிக்கொண்டது.
துடைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.
சட்டைப் பைக்குள் பென் டிரைவ்
இன்னும் சூடாகவே இருந்தது.